சதவீதக் குறிக்குப் பின்னால் ஓர் ஆறு

யார் யார் என்னென்ன வேலை செய்தார்கள் என்று கட்டுரைக்குக் கீழே பிரித்து எழுதினால்தான் அச்சிடுவோம் என்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆய்விதழ்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்லிவிட்ட வருஷத்தில்தான், எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆட்களின் கை காலியாக ஆரம்பித்தது. கை காலியாவது என்றால், கை இருக்கும், விரல் ஐந்தும் இருக்கும், சோறு பிசையலாம், தலை வாரலாம். அந்தக் கை இத்தனை வருஷம் கற்று வைத்திருந்த வேலை மட்டும் இருந்த சுவடு தெரியாமல் போயிருக்கும். முதலில் போனது கிருபாவதிக்கு. கடல்வாழ் உயிரியல் துறையில் ஆறு வருஷமாகச் சேற்றுப் புழுக்களைப் படித்து, நூற்று நாற்பது வகைப் புழுவை அதன் முதுகு மயிரைப் பார்த்தே பேர் சொல்லக்கூடிய பெண். அவளுடைய கட்டுரை வெளியான செவ்வாய்க்கிழமை காலை நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவள், கண்ணாடித் துண்டில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "இது என்ன நெளியுது?" என்று கேட்டாள்.

கட்டுரையின் கடைசியில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. கருத்துரு, களப்பணி, புழுக்களை இனம் காண்பது, கணக்கு, எழுத்து, மேற்பார்வை என்று ஆய்விதழ் கேட்ட பதினாலு வேலைகளில் பதின்மூன்றுக்குத் துறைத்தலைவர் பேராசிரியர் தணிகாசலத்தின் பேர், மிச்சம் இருந்த 'சரிபார்ப்பு' ஒன்றுக்குக் கிருபாவதியின் பேர். அவர் கேட்டு வாங்கியதும் இல்லை. அதுதான் வேடிக்கை. எங்கள் பல்கலைக்கழகத்தில் அது ஒரு வழக்கம்: திருவிழாவில் ஊர்ப் பெரியவருக்குப் பரிவட்டம் கட்டுவது மாதிரி, வழிகாட்டியின் பேரை எல்லா வேலையிலும் முதலில் போட்டு, அதை ஒரு துண்டுச் சீட்டில் தங்கள் கையாலேயே எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள் பிள்ளைகள். கிருபாவதியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாள். சீட்டை வாங்கித் தட்டச்சு செய்தவள் அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சியின் கடை பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு பெஞ்சு வைத்த அளவுக்கு இருந்தது. கணக்குச் சூத்திரங்களும் அட்டவணைகளும் கோணாமல் வரவேண்டுமென்றால் லேடெக் என்கிற அச்சுக்கோப்பு மென்பொருளில்தான் செய்யவேண்டும் என்று ஆய்விதழ்கள் சொன்னபோது, பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்திருந்த அவள் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துத் தானாகவே படித்துக்கொண்டாள். வரிவரியாகக் கட்டளை தட்டிவிட்டு ஓடவிட்டால் பக்கம் தேர்ச் சிற்பம் போல நிமிர்ந்து வரும். அந்த மென்பொருளில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது சதவீதக் குறி. ஒரு வரிக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டுவிட்டால் எந்திரம் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். வரி கோப்பில் இருக்கும், அச்சில் வராது. கட்டளைகளுக்குக் குறிப்பு எழுதி வைப்பதற்காக உள்ள வசதி அது, வேறொன்றும் இல்லை.

கிருபாவதிக்கு அடுத்து, வேதியியலில் உப்பைப் படிகமாக்கத் தெரிந்த ஒருவனுக்குக் கை போயிற்று. அவன் அடுத்த மாதமே ஊருக்குப் போய்க் கைப்பேசிக் கடை வைத்துவிட்டான். புள்ளியியலில் ஒருத்திக்கு எண்கள் போயின. அவள் பேருந்தில் ஏறினால் எத்தனையாவது நிறுத்தம் என்று எண்ணத் தெரியாமல் நடத்துநரிடம் சொல்லி வைத்து இறங்கினாள். பல்கலைக்கழக மருத்துவர் எல்லாருக்கும் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். பதிவாளர் அலுவலகம் சுற்றறிக்கை விட்டது: கை காலியானவர்கள் தாங்கள் எதை மறந்தோம் என்பதை மூன்று பிரதிகளில் விவரமாக எழுதித் தரவேண்டும். மறந்தவன் மறந்ததை எப்படி ஐயா எழுதுவான்? ஒரு விண்ணப்பமும் வரவில்லை, ஆகவே புகார் ஏதும் இல்லை என்று கோப்பை மூடிக் கட்டினார்கள்.

சரி, இவர்களிடமிருந்து போனது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. தணிகாசலம் கண்ணாடிக்குள் பார்த்தால் அவருக்குப் புழு புழுவாகத்தான் தெரிந்தது. அவரைப் பார்க்கச் சொல்லி யாரும் கேட்காததால் அது ஒரு குறையாகவும் இல்லை. போனது எங்கே போனது என்று ஆராய யாருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் கை நிறைய வேலையோடு புதுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள், வழிகாட்டிகள் ஊற ஊற இறைத்துக்கொண்டிருந்தார்கள், கட்டுரைகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பல்கலைக்கழகத்தின் தரவரிசையும் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுரை வெளியானால் விடுதியில் கேசரி கிண்டுவது பழைய வழக்கம். அதை விடவில்லை. கிண்டினார்கள், ஆனால் துக்க வீட்டில் உட்கார்கிற மாதிரி சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை வைத்து, சத்தம் இல்லாமல் தின்றார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, படிப்பு முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டு, கை இருக்கா போயிடுச்சா என்று தாயாரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எதற்குத்தான் மனுஷர்கள் பழகவில்லை, இதற்குப் பழகாமல் இருக்க?

பழகப் பழக அதில் ஒரு விதி இருப்பதும் பிடிபட்டது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பேரில் எழுதினால்தான் போகும். யார் பேரிலும் எழுதாமல் விட்டால் போகாது. அதனால் ஆய்வகம் கூட்டுகிறவர்கள், கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர்கள், படகு ஓட்டுகிறவர்கள் கையெல்லாம் பத்திரமாக இருந்தது. அவர்கள் செய்கிற வேலை எந்தக் கட்டுரையிலும் ஒரு வேலையாகவே வந்தது கிடையாது.

படகு ஓட்டுகிறவர் அஞ்சலாட்சியின் புருஷன் மாசிலாமணி. துறையின் படகை இருபத்திரண்டு வருஷமாகத் தினக்கூலியாக ஓட்டுகிறார். எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை வேலையை முறித்து மறுநாள் புது ஆணை போடுவார்கள், நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதே. ஆறு கடலில் சேருகிற கழிமுகமும் அதைச் சுற்றி இருக்கிற அலையாத்திக் காடும் அவருக்கு வீட்டு அடுக்களை மாதிரி. எந்தத் திட்டில் எந்த மாதம் புழு இருக்கும், எந்தச் சேற்றில் கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும் என்று அவர் சொன்ன இடத்தில்தான் பிள்ளைகள் சேற்றை அள்ளினார்கள். அந்தச் சேற்றிலிருந்து நூறு கட்டுரைக்கு மேல் பிறந்திருக்கும். நூறிலும் நன்றி என்று ஒரு வரிகூட அவருக்கு இல்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. "எனக்கு எதுக்குப் பேரு? ஆறு என்ன பேரைக் கேட்டா வழி விடுது?" என்பார்.

கிருபாவதி ஊரைக் காலி செய்துகொண்டு போகிற அன்று மத்தியானம் பெட்டியோடு கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் என்னத்தைப் படித்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது, என் பழைய நோட்டைப் பார்த்தால் வேறு யாரோ எழுதினது மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

"எங்கயாவது ஒரு எடத்துல இருக்கட்டும்க்கா. யாரும் படிக்க வேணாம். நான்தான் செஞ்சேன்னு ஒரு எடத்துல மட்டும் இருக்கட்டும்."

அஞ்சலாட்சி அந்தக் கட்டுரையின் கோப்பைத் திறந்து, பங்களிப்புப் பத்திக்குக் கீழே ஒரு சதவீதக் குறியைப் போட்டு, அதற்குப் பின்னால், நோட்டைப் பார்த்துப் பார்த்து, இன்ன திட்டில் இன்ன தேதியில் சேறு அள்ளியது கிருபாவதி, இந்த நூற்று நாற்பதுக்கும் பேர் சொன்னது கிருபாவதி, காய்ச்சலோடு உட்கார்ந்து மூன்றாம் அட்டவணை போட்டது கிருபாவதி என்று தட்டினாள். போன கை திரும்பி வரவில்லை. அச்சில் வராத எழுத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. ஆனாலும் கிருபாவதி திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, அழுகை நின்றவளாகப் போனாள்.

அது விடுதிக்குள் பரவிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் இரண்டு சீட்டோடு வந்தார்கள்: ஒன்று அச்சுக்கு, ஒன்று குறிக்குப் பின்னால். அச்சில் எட்டுப் பக்கம் வருகிற கட்டுரைக்குக் கோப்பில் நாற்பது பக்கம் இருந்தது. தூங்காதது, அழுதது, எலி கடித்தது, அப்பா செத்த செய்தி வந்தும் சோதனையைப் பாதியில் விடாமல் முடித்துவிட்டுப் பேருந்து ஏறியது, எல்லாம் அங்கே இருந்தது. ஆய்விதழுக்கு அச்சான பக்கங்கள்தான் போகும், கோப்பு கடையிலேயே இருக்கும், ஆகவே யாருக்கும் தெரியாது. அஞ்சலாட்சிக்கு இதில் ஒரு பெருமையே வந்துவிட்டது. இந்தப் பல்கலைக்கழகத்தில் யார் என்ன செய்தார்கள் என்பது தனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

கழிமுகத்தைப் பற்றிய பெரிய கட்டுரை ஒன்று அவளிடம் வந்தது. படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் புருஷனுடைய ஆறு. அவர் சோறு தின்றுகொண்டே சொன்னது, படுத்துக்கொண்டு சொன்னது, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் காது நிறையக் கேட்டது, எல்லாம் வாக்கியமாகவும் வரைபடமாகவும் இருந்தது, அவரைத் தவிர. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் எழுதி வைக்கிறோமே, கட்டின புருஷனுக்கு எழுதினால் என்ன என்று தோன்றியது. யார் பேரிலும் எழுதாமல் இருந்ததால்தான் அவர் கை பத்திரமாக இருந்தது என்பது அவளுக்கா தெரியாது? ஆனால் இது அவர் பேரிலேயே எழுதுவதுதானே, அதுவும் அச்சில் வராத இடத்தில்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு பதினோரு வரி எழுதினாள்.

ஆறு மூன்றாகப் பிரிகிற மூணு வாயில், தண்ணீர் வடிகிற வத்தத்தின்போது நடுவாயில் போகக் கூடாது, கிழக்கு வாய்தான் ஆழம். கொக்கு அசையாமல் நிற்கிற இடத்தில் தண்ணீர் முழங்கால்தான், கொக்கு நகர்ந்தால் ஏத்தம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சேறு கறுத்து மினுங்கினால் புழு உண்டு, குமிழி விட்டால் கால் வைக்காதே. வாடைக்காற்று அடித்தால் காட்டை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போ, கொண்டல் காற்றுக்கு வலக்கைப் பக்கம். இப்படிப் பதினோரு வரி. கடைசியில், இதெல்லாம் அறிந்து சொன்னது மாசிலாமணி, படகோட்டி, இருபத்திரண்டு வருஷம்.

இந்தத் தடவை பார்த்து அந்த ஆய்விதழ், அச்சான பக்கம் போதாது, மூலக் கோப்பையும் அனுப்பு என்று கேட்டுவிட்டது. தணிகாசலம் போன் செய்தார். அனுப்புவதற்கு முன்னால் குறிக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் அழிக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுடையதை அழித்தாள். புருஷனுடைய பதினோரு வரியில் வந்து கை நின்றது. கடலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத எவரோ ஒருவர் கோப்பைத் திறப்பார், மாசிலாமணி என்ற பேரை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அந்த ஒரு ஆசைதான். அழிக்காமல் அனுப்பினாள். கோப்பு முதலில் துறைத்தலைவரிடம் போய்விட்டுத்தான் கடலைத் தாண்டும் என்பதை ஆசை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை அவரே கடைக்கு வந்தார். வந்தவர் கோபமாக வரவில்லை, சந்தோஷமாக வந்தார். இவ்வளவு அருமையான விஷயத்தை ஏன் ஒளித்து வைத்திருந்தாய், ஆய்விதழ்காரர்கள் இந்த மாதிரி உள்ளூர் அறிவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி, பெஞ்சில் உட்கார்ந்து, குறிகளை எடுத்துவிட்டதாகவும் களஅறிவு என்று தன் பேரில் சேர்த்துக்கொண்டதாகவும், பக்கம் கொஞ்சம் கோணுகிறது, சரிசெய்து கொடு என்றும் கேட்டார்.

"அது அவரு சொன்னது சார்," என்றாள் அஞ்சலாட்சி. "அவரு பேருல போடுங்க. இல்லன்னா அந்த வரியே வேணாம் சார். எடுத்துடுங்க."

"அவர் பேரைப் போட முடியாதும்மா. பங்களிப்புப் பட்டியல்ல வரணும்னா கட்டுரை ஆசிரியரா இருக்கணும், படகோட்டியை எப்படி ஆசிரியர்னு காட்டுறது? எடுத்துட்டா விஷயம் வீணாப் போயிடும்," என்றார் அவர், பொறுமையாக, பாடம் நடத்துகிற மாதிரி. "நன்றியில ஒரு வரி போட்டுடலாம்."

அவள் சரிசெய்து கொடுக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே அந்தப் பதினோரு வரியைத் தன் கணினியிலிருந்து அழித்தாள். இத்தனை வருஷத்தில், நான் தட்டுகிறவள்தானே, எனக்கென்ன என்று எத்தனை பிள்ளைகளின் கையைத் தட்டித் தட்டிக் காலியாக்கியிருக்கிறாள். முதல் தடவையாக மாட்டேன் என்றாள். அவர் சிரித்தார். தன்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது, இந்தத் தெருவிலேயே இன்னும் நாலு கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாசிலாமணியின் அடுத்த ஆணையில் கையெழுத்துப் போட்டாயிற்று, கவலைப்படாதே என்று அன்பாகச் சொல்லிப் போனார்.

ஏற்றுக்கொண்ட கட்டுரை வெளியாக இருபது நாள் ஆகும். அவள் புருஷனிடம் சொன்னாள். அடிப்பார் என்று நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவர், "ஆசையாத்தானே எழுதின," என்றார். அவ்வளவுதான்.

அந்த இருபது நாளும் பொழுது விடிந்ததும் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். நீயாவது வைத்துக்கொள் என்று ஒவ்வொரு வாய்க்காலாகக் காட்டினார், சேற்றை அள்ளிக் கையில் கொடுத்தார், சுக்கானைப் பிடிக்கச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், ஒன்றும் கைக்கு வரவில்லை. காதால் கேட்டதை வைத்துக்கொண்டு ஆற்றில் என்ன செய்வது? இருபதாம் நாள் திரும்பி வரும்போது அவர் கொக்கைப் பார்த்துக்கொண்டே வந்தார், கரை தட்டுவதற்கு முன்னால் ஒரு கை தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். வேட்டியால்கூடத் துடைக்கவில்லை.

கட்டுரை வெளியான காலை அவர் நாலு பிள்ளைகளோடு படகில் இருந்தார். மூணு வாய் வந்ததும் எந்திரத்தின் சத்தம் அடங்கியது. மூன்று வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தப் பக்கம் அண்ணே என்று ஒரு பையன் கேட்டதற்கு, நீங்கள்தான் சொல்லவேண்டும் தம்பி, நான் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று மரியாதையாகச் சொன்னார். படகு தானாக மிதந்து நடுவாயில் போய்ச் சேற்றில் உட்கார்ந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர்கள் வந்து பார்த்தார்கள். அவர்களில் பெரியவர், "பேரு போட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்; பிள்ளைகள் தலையாட்டினார்கள்; அவர் வேறொன்றும் கேட்காமல் கயிற்றைக் கட்டி இழுத்துக் கரையில் கொண்டுவந்து விட்டார்.

அஞ்சலாட்சி ஆய்விதழுக்கு எழுதினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அகராதி வைத்துக்கொண்டு, நடந்ததெல்லாம் எழுதினாள். அடக்கமாக ஒரு பதில் வந்தது: பங்களிப்பைத் திருத்தவேண்டுமானால் கட்டுரை ஆசிரியர்கள் எல்லாரும் கையெழுத்திட்டுக் கேட்கவேண்டும், திரு. மாசிலாமணி ஆசிரியர் இல்லை என்பதால் அவர் சார்பான கோரிக்கையைப் பரிசீலிக்க இயலாது. துறையில் வழிகாட்டும் கருவி பொருத்திய புதுப் படகு வாங்கினார்கள். அந்தக் கட்டுரைக்கு ஒரு விருதும் வந்தது. மாசிலாமணியைப் படகுத் துறையில் செருப்பு அடுக்கி வைக்கிற வேலைக்குப் போட்டார்கள், போட்டதைச் செய்தார். கண்ணுக்கு எதிரே ஆறு ஓடும். அழகான தண்ணீர் என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

அவள் மனசு கேட்கவில்லை. படித்துப் பார்த்தாலாவது ஏதாவது ஒன்று உள்ளே அசையாதா என்று, வெளியான கட்டுரையில் அந்தப் பதினோரு வரி இருந்த பக்கத்தைத் தமிழில் எழுதிப் பெரிய எழுத்தில் அச்சடித்தாள். தன் கடையில் செய்கிற எந்த வேலையையும் போல ஓரம் பார்த்து, வரி இடைவெளி பார்த்து, ஒழுங்காகத்தான் செய்தாள். மத்தியானச் சோற்றுக்குக் கடைக்கு வந்தவரிடம் கொடுத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். கொக்கு நகர்ந்தால் ஏத்தம் என்ற இடத்தில் விரல் நின்றது. அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு முழுசும் முடித்து, கீழே இருந்த பேராசிரியரின் பேரையும் படித்து, தாளை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"நல்லாத் தெரிஞ்ச மனுஷன் அஞ்சல," என்றார். "ஒரு நாள் அவரைக் கேட்டுப் பாரேன். என்னையும் ஆத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவாரான்னு."